அவளும் வரட்டும்

நெல் மூட்டையின் ஒரு காதை நானும் மறு காதை என் ஓரகத்தி கிருபையும் பிடித்து, கட்டில் மேல் கிடந்த பெஞ்சுக்கு அதை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவள் அதைக் கேட்டாள். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. உப்புச் சாடியை எங்கே வைக்கட்டும் என்று கேட்கிற தோரணையில்தான் கேட்டாள்.

“அக்கா, அவள எப்பம் எடுக்கது?”

“எவள? செவலையையா? அத வெள்ளனயே அவுத்து மேட்டுக்குப் பத்தியாச்சுலா.”

“செவலை இல்லக்கா. பாப்பாவ.”

மூட்டை என் கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. காலில் விழாதது என் நல்ல நேரம். “ஏளா, ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டா?” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் கூடத்தில் மாமா நிற்பது நினைவுக்கு வந்தது. அவர் ஸ்டூலில் ஏறி, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேல்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு குனிந்து அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

காலையில் தலையாரி தமுக்கடித்துக்கொண்டு போயிருந்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது, ஆற்றங்கரை வீட்டுக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னான். மேலேயிருந்து வருகிற தண்ணீரையாவது ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். ஆறு போய்ச் சேர்கிற புன்னைக்காயலில் கடல் அதை வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டால்தான் எங்கள் பாடு திண்டாட்டம். வந்த ஆறு அப்படியே திரும்பி ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் ஏறி, எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்கும். தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்ற சேதியோடு என் கொழுந்தன் ஜேசுபாதம் முதல் நாளே வந்து சேர்ந்திருந்தான். புது ஹார்பரில் அவனுக்குக் கிளார்க் வேலை. சனிக்கிழமை தவிர வேறு நாளில் அவன் வீட்டுக்கு வந்தான் என்றாலே ஏதோ கெட்ட காரியம் என்று ஆகிவிட்டிருந்தது அந்த வருஷம். மிசா முடிந்து, எலெக்‌ஷனும் வந்து போய், ஊரெல்லாம் இனி நல்ல காலம் என்று பேசிக்கொண்ட வருஷம்தான் அது.

எங்கள் ஊரில் மேடு என்றால் கோயில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லால் கட்டி, ஆள் உயரத்துக்கு அஸ்திவாரம் எழுப்பி வைத்தது. அதன் பின்னால் அதே மேட்டில் கல்லறைத் தோட்டம், சுற்றிச் சுவர், இரும்புக் கேட்டு. ஜனங்களை எச்சரிக்கவென்று கோயில்குட்டி செல்வதுரை விடிந்ததிலிருந்து விட்டு விட்டு மணியடித்துக்கொண்டிருந்தார். கோயில்குட்டி என்றால் ஏதோ சின்னப் பையன் என்று வெளியூரார் நினைப்பார்கள். மணியடித்து, கூட்டி, விளக்கேற்றி, குழியும் வெட்டுகிற ஆளுக்கு அந்தப் பெயர். செல்வதுரைக்கு அறுபதுக்கு மேல் வயது.

என் வீட்டுக்காரர் கிளாட்வினுக்கு எப்போதும் கையை விட வாய்க்குத்தான் வேலை அதிகம். வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு அதை எடு, இதை வை, அரிசியை மேலே வை, கருவாட்டை அரிசியோடு வைக்காதே என்று சட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிலை கிள்ளக்கூட நேரமில்லை. வருஷம் பூராவும் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கொடி இன்றைக்கு அந்தத் தண்ணீருக்கே போகப் போகிறது. அந்த எரிச்சலைத்தான் எங்கள் மேல் கொட்டினார். மாமாவோ வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தா என்று ஒற்றைக் காலில் நின்றார். பூட்டினால் தண்ணீர் கதவோடு சுவரையும் சேர்த்துக்கொண்டு போகும், முன்கதவு பின்கதவு இரண்டையும் திறந்து போட்டால் ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போய்விடும் என்று அவர் மகன் எவ்வளவோ சொன்னார். நாற்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவருக்குத் திறந்த வீடு என்றால் சகிக்காது. எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. தேவபிரசாதம் சார் வருகிறார் என்றால் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போன காலம் உண்டாம்.

அந்த ஒழுங்குதான் பிள்ளையைக் கொடிக்காலில் கொண்டுபோய்ப் போட்டது. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் தினம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டேன்.

கிருபைக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. பெண் பிள்ளை. அவளுக்கு உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று சபைப் போதகரான ஐயர் சொன்னார். மாமா கேட்கவில்லை. ஊர்ச் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகைக்குப் பிஷப் வருகிறார், என் பேத்திக்கு அவர் கைதான் நீர் தெளிக்க வேண்டும் என்றார். பெயரையும் அவரே தேர்ந்தெடுத்து மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டார். பீடத்தின் முன் பிஷப் கேட்கும்போதுதான் சொல்வாராம். அதுவரைக்கும் பிள்ளைக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஆவணிக் கடைசியில் அதற்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. அன்று ராத்திரி கிருபை என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயரக் கூப்பிடச் சொல்லுங்கக்கா, தண்ணி தெளிச்சாவது வைக்கட்டும் என்று அழுதாள். நான் போய் மாமாவிடம் சொன்னேன். “காய்ச்சல்தானம்மா. காலம்பற முதல் பஸ்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்,” என்றார். முதல் பஸ் வருவதற்கு முன்னாலேயே பிள்ளை போய்விட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. எல்லா ஊரிலும் இப்படிக் கிடையாது. என் அம்மா ஊரான சாத்தான்குளத்துப் பக்கம் ஐயர் வந்து ஒரு ஜெபம் சொல்லி ஓரமாக அடக்கம் பண்ணிவிடுவார். எங்கள் ஊர்ச் சபையில் மட்டும் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு வைத்திருந்தார்கள். போட்ட காலத்துச் செக்ரட்டரி என் மாமனார். ஐயர் அன்றைக்கு வந்து, சார், நான் கண்டுக்கலை, ராவோட ராவா வச்சிருவோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஊருக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்கு ஒரு சட்டமா என்று மாமா மறுத்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்ததோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஜேசுபாதம் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த சரக்குப் பெட்டிப் பலகையை அறுத்து அவனே பெட்டி செய்தான். பலகையில் பாதி இங்கிலீஷ் எழுத்தும் ஒரு அம்புக்குறியும் இருந்தன. கொடிக்காலின் கிழக்கு மூலையில், ஆற்றங்கரையை ஒட்டிய அகத்தி மரத்தடியில் வைத்தோம். ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. மண் தள்ளுகிற சத்தம் மட்டும்தான்.

இப்போது அந்த மூலைக்குத்தான் ஆறு முதலில் வரும்.

கிருபை மூட்டையைத் தனியாகவே தூக்கி நிறுத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜேசுபாதம் வண்டியில் ஓலைக் கடவப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, மொதல்ல கொடிக்காலுக்குப் போயிட்டு வந்துருவோம். தண்ணி ஏறிட்டுன்னா ஏலாது.”

அவன் கயிற்றை விடவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. “வேண்டாம் கிருபை. வச்சத எடுக்கப்பிடாது.”

“எல்லாரும் கோயிலுக்குத்தான போறோம். கோழி வருது, ஆர்மோனியப் பெட்டி வருது. அவளும் வரட்டும்.”

என் வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். இவளிடம் என்ன நியாயத்தைச் சொல்வது? செத்த பிள்ளைக்கு வெள்ளமும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆத்துமா அங்கே இல்லை என்று சொல்லலாம். அந்த ஆத்துமாவுக்குத்தான் நாம் பெயர்கூட வைக்கவில்லையே என்று அவள் திருப்பிக் கேட்பாள். எனக்குக் கோபமாக வந்தது. இருக்கிற உயிரைக் காப்பாற்றப் பார்க்கிற நேரத்தில் இது என்ன வீம்பு என்று கோபம். ஆனால் அந்தக் கோபம் அவள் மேல் மட்டும் நிற்க மாட்டேன் என்றது. நான் ஜேசுபாதத்தைத் தனியாக இழுத்து, “நீ போயி எடுத்துக் குடுத்துரு. இல்லன்னா இவ இங்கயே கெடப்பா,” என்றேன்.

“நான் அடிச்ச ஆணி மதினி அது,” என்றான். “திரும்ப என்னால பாக்க ஏலாது.” சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் முதல் நடை சாமானைக் கோயிலில் இறக்கிவிட்டு வருகிறோம் என்று புறப்பட்டார்கள். வண்டிச் சக்கரம் பாதி சகதிக்குள் புதைந்து போனது. மறுநடை வருமா என்று எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

திரும்பிப் பார்த்தால் கிருபையைக் காணோம். மாட்டுத் தொழுவில் சாத்தியிருந்த மம்பட்டியையும் காணோம்.

கொடிக்காலுக்குள் நான் நுழைந்தபோது பாத்திகளுக்கு இடையில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. வழக்கமான வாய்க்கால் தண்ணீர் இல்லை. செங்காவியாக, நுரை தள்ளிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டு நின்ற தண்ணீர். வெற்றிலைக் கொடிகள் அகத்தியோடு சாய்ந்து கிடந்தன. ஒரு சாரை என் முன்னால் மரத்தில் ஏறிப் போனது. அதற்கும் பயம், எனக்கும் பயம், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவில்லை. கிழக்கே கரை இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது, பிறகு தொம் என்று ஒரு சத்தம், ஒரு அகத்தி மரம் தலை ஆட்டிவிட்டு ஆற்றுக்குள் போகும். அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

கிருபை அந்த மூலையில் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடம் கொஞ்சம் மேடாக இருந்ததால் தண்ணீர் இன்னும் ஏறவில்லை. ஆனால் வெட்டிய குழிக்குள் அடியிலிருந்தே ஊறி வந்தது. அவள் மம்பட்டி போடுகிற மாதிரியைப் பார்த்தால் எந்த வேலைக்காரனும் சிரிப்பான். மண்ணுக்கு வலித்துவிடுமோ என்று பயந்த மாதிரி மெல்ல மெல்லக் கொத்தினாள். நான் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வெட்ட ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டே வெட்டினேன். அவளைத் திட்டினேன், அவள் புருஷனைத் திட்டினேன், என் புருஷனைத் திட்டினேன், இந்த வீட்டுக்கு என்னைக் கொடுத்த என் அப்பாவைத் திட்டினேன். அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வெளியே போட்டாள்.

மம்பட்டி பலகையில் இடித்த நேரத்தில் பின்னால் யாரோ இருமினார்கள். மாமா நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த மழையிலும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். எங்களைத் தடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வரட்டும், இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நிமிர்ந்தேன். ஆனால் அவர் கண் என் மேல் இல்லை, குழிக்குள் இருந்தது.

கிருபை தலையைத் தூக்கவில்லை. சேற்றைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

“மாமா, அவ பேரு என்ன?”

குடையில் மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரை இன்னொரு தரம் இடிந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் வருகை கூப்பிடுகிற குரலில் சொல்லப் பார்த்தார், முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“ஞானதீபம்.”

“ஞானதீபம்,” என்று அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். “அந்தப் பக்கம் பிடிங்க மாமா. எடுப்போம்,” என்றாள்.

அவர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மூன்று பேருமாகத் தூக்கினோம். பெட்டி ஊறிப்போய்க் கனத்தது. மூலையில் ஒரு பலகை வாய் பிளந்திருந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீரைப் பற்றியும் அதன் வாடையைப் பற்றியும் நான் இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. கிருபைக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. நான் சாய்ந்து கிடந்த கொடியிலிருந்து வெற்றிலையைக் கை நிறைய உருவி, பிளந்த இடத்தில் திணித்து, சாக்கைச் சுற்றிக் கட்டினேன். திருவிழாவுக்கு வெற்றிலை கிள்ளும்போதுகூட அப்படி நல்ல கொழுந்து எனக்குக் கிடைத்ததில்லை. நாங்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த மூலை அப்போதும் இருந்தது. அதற்கு அப்புறம் அதைப் பார்க்கவில்லை.

வீட்டுப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தால் மாமா கதவைப் பூட்டியிருப்பார். தோட்டத்து வழியாகவே கோயிலுக்கு நடந்தோம். மாமாதான் பெட்டியைச் சுமந்தார். தாருங்கள் என்று நான் இரண்டு தரம் கேட்டும் தரவில்லை. வழியில் ஜனங்கள் தலையில் பானையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி இருந்ததால் எங்கள் பெட்டியை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. காற்று திரும்பும்போது மட்டும் சிலர் மூக்கைச் சுளித்து, செத்த ஆடு ஏதும் மிதந்து வருகிறதா என்று தண்ணீரைப் பார்த்தார்கள்.

கோயிலுக்குள் நிற்க இடமில்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளி அடுப்பு மூட்டியிருந்தார்கள். பீடத்துக்குக் கீழே கோழிகள் கட்டிக் கிடந்தன. நாங்கள் வாசல் மண்டபத்தில் பெட்டியை இறக்கி வைத்ததுமே பக்கத்திலிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் பக்கத்தவள் காதில் சொன்னாள், அது உள்ளே வரைக்கும் போனது. யாரும் சத்தம் போடவில்லை. மாமா முன்னால் யார் சத்தம் போடுவார்கள்? ஆனால் உள்ளேயிருந்து ஒரு கிழவர் மட்டும், “பச்சப் பிள்ளைக இருக்க எடம் சார். இருட்டுதுக்குள்ள அடக்கிருங்க,” என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஐயர் பாளையங்கோட்டையில் மீட்டிங்குக்குப் போனவர், பாலம் மூழ்கிவிட்டதால் இனி தண்ணீர் வடிந்தால்தான் வருவார்.

மாமா படியிறங்கி மணிக்கூண்டைப் பார்த்து, “செல்வதுரை!” என்று கூப்பிட்டார்.

மணி நின்றது. செல்வதுரை இறங்கி வந்து, தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்துப் பிழிந்துவிட்டு நின்றார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. அவருடைய பார்வை பெட்டி மேல் போய், கிருபை மேல் வந்து, மாமாவிடம் நின்றது.

“கல்லறைத் தோட்டத்துக் கேட்டத் தொற. ஒரு குழி வெட்டணும்,” என்றார் மாமா.

“ஐயர் இல்லிய சார்.”

“நான் சொல்லுதேன். பொறவு ஐயர்ட்டப் பேசிக்கிடுதேன்.”

செல்வதுரை சாவியைத் தொட்டார், ஆனால் எடுக்கவில்லை. வழக்கமாக மாமா ஒன்று சொன்னால் அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓடுகிற ஆள். அவர் மாமாவின் முகத்தை நேராகப் பார்த்து நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

“தொறக்கேன் சார். ஆனா எம் மவன மொதல்ல உள்ள வைக்கணும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வதுரைக்கு இரண்டு பெண்கள்தான் எனக்குத் தெரியும், இருவரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியிருந்தது. முகம் வெளிறி, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“பெறந்து மூணாம் நாளு போனான் எம்மா,” என்று செல்வதுரை என்னிடம்தான் சொன்னார், மாமாவைப் பார்த்துக்கொண்டே. “தீர்மானம் போட்ட புதுசு. நான்தான் குழி வெட்டுதவன், சாவி எங்கிட்டதான் கெடக்கு. ஆனாலும் வெளிய வைன்னுட்டாங்க. அந்தா, செவுத்துக்கு அங்கன, வாய்க்கா எறக்கத்துல. வச்சிட்டு வந்து சாயங்கால மணியடிச்சேன்.”

“செல்வதுரை,” என்றார் மாமா. “வருசம் எம்புட்டு ஆயிப்போச்சு. அங்கன இனி என்ன இருக்கும்?”

“என்ன இருக்கோ இருக்கட்டும் சார். காலையில இருந்து ஊருக்கெல்லாம் மணியடிச்சு மேட்டுக்கு வாங்க, மேட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுதேன். அவன் அங்கன தண்ணிக்குள்ள கெடக்கான்.”

அவர் குரல் உயரவே இல்லை. ஆனால் பிடிவாதமாக நின்றார். இந்த நேரத்திலா இவர் கணக்குத் தீர்க்க வேண்டும், பெட்டியோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தாவது இரக்கம் வேண்டாமா என்று எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. இன்னும் கொஞ்சத்தில் இருட்டிவிடும். உள்ளே சனங்கள் பொறுத்துக்கொண்டிருப்பதும் ரொம்ப நேரம் ஓடாது. ஆனால் கேட்கவேண்டிய நேரம் இவருக்கு வேறு எப்போது வந்தது? அடுத்த வெள்ளத்துக்குக் கேட்பாரா? மாமா செருப்பைப் படியில் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். செல்வதுரை கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மண்டபத்திலிருந்து பார்த்தால் சுவரும் இறக்கமும் தெரியும். வாய்க்கால் எது, வயல் எது என்று அடையாளம் இல்லாமல் தண்ணீர் பரந்து கிடந்தது. இறக்கத்தில் பாதிக்கு அது ஏறியிருந்தது. செல்வதுரை ஓரிடத்தில் கடப்பாரையைக் குத்தினார். தலையை ஆட்டிவிட்டு நாலு எட்டுத் தள்ளிக் குத்தினார். மறுபடி திரும்பி வந்தார். “இங்கன ஒரு பூவரசு நின்னுச்சு சார். அத வெட்டிட்டானுவ. அதுக்கு மேக்க,” என்று சொன்னது காற்றில் கேட்டது. மாமா இடுப்பளவு நனைந்து நின்றுகொண்டு, “இங்கனயா? இங்கனயா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் ஒரு கேள்வி இரண்டு தரம் கேட்காத மனுஷன். குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார்.

கிருபை கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் தூக்கி, படியில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தாள்.

“இவளப் பிடிங்கக்கா. கீழ வைக்காதிய, தரை ஈரமா இருக்கு.”

மம்பட்டியை எடுத்துக்கொண்டு அவளும் சுவரோரமாக இறங்கிப் போனாள். மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தில் தோண்டினார்கள். ஒருவருக்கும் இடம் தெரியாது. செல்வதுரைக்கே தெரியாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் யாரும் நிறுத்தவில்லை.

என் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். ஜேசுபாதம். அடுப்புப் புகையும் மழையும் சேர்ந்து அவன் கண் சிவந்திருந்தது. என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தான். சாக்கு விலகியிருந்த இடத்தில் அந்த அம்புக்குறி தெரிந்தது, ஆணியும் தெரிந்தது. பார்க்க முடியாது என்றவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

“நான் பிடிக்கட்டா மதினி?”

“நீ போயி அவ கையில இருக்க மம்பட்டிய வாங்குலே,” என்றேன்.

அவன் போனான். கிருபை மம்பட்டியைக் கொடுக்கவில்லை. அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினான். உள்ளே யாரோ, மணி ஏன் நின்னுட்டு, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்ததில் இறக்கத்திலிருந்த நாலு பேரும் நாலு முதுகாக மட்டும் தெரிந்தார்கள். யார் மாமா, யார் செல்வதுரை என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை.

பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சேலை வழியாகத் தொடையில் இறங்கியது. கால் மரத்துப் போனது. மண்டபத்தின் கீழ்ப்படியில் மாமா விட்டுப் போன செருப்பில் ஒன்று தண்ணீரில் மெல்ல அசைந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றதும் அசைந்தது. நான் எழுந்திருக்காமல் கால்களை மேல்படிக்கு இழுத்து, பெட்டியை மடியில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, நெஞ்சோடு சாத்திப் பிடித்துக்கொண்டேன்.